எல்லை வீதியைக் காப்பவர் யார்?

ஓர் அரசு தன் எல்லையை நோக்கி வீதி அமைக்கும்போது அவ்வீதிக்கு இரண்டு உரிமையாளர் தோன்றுகின்றனர். ஒருவர் படையினர். மற்றவர் அவ்வெல்லையிலே பிறந்து, நிலத்தை உழுதும் கடலில் வலை வீசியும் வாழும் குடிமக்கள். இவ்விருவருக்கும் ஒருங்கே பயன்படும் வீதியே நாட்டைக் காக்கும் வீதியாகும். குடிமக்களை விலக்கிவிட்டுப் படையினருக்கென்று மட்டும் ஒதுக்கப்பட்ட வீதி, ஊரையும் வளர்க்காது, எல்லையையும் வலுப்படுத்தாது. எல்லைத் தகராறுகளில் பல்லாண்டு சிக்குண்ட வல்லரசுகளே இன்று ஏற்றுக்கொண்டுள்ள இவ்வுண்மையை, இலங்கை அரசு வலிகாமம் வடக்கில் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு. மயிலிட்டியை முன்வைத்து அதனை நிறுவ முற்படுகின்றோம்.

மயிலிட்டியின் இருப்பு

மயிலிட்டி யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள ஊர். மேற்கே காங்கேசன்துறைத் துறைமுகம். கிழக்கே பலாலியும் அதன் விமானத்தளமும். வடக்கே பாக்கு நீரிணை. அதற்கப்பால் தமிழகக் கரை. தெற்கே கட்டுவன், வசாவிளான், தெல்லிப்பழை என்று விரியும் செம்மண் கமங்கள். கொழும்பிலிருந்து நோக்குபவருக்கு இது நாட்டின் கடைசி ஊர். நமக்கோ இது நாட்டின் தலைவாயில்.

இந்த இருப்பே இவ்வூருக்கு ஏற்றத்தையும் தந்தது, இடரையும் தந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் பலாலியில் விமான ஓடுபாதை அமைத்தனர். போர் முடிந்தபின் அதே ஓடுபாதை குடிமக்களின் பயணத்துக்குத் திறந்தது. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தனது முதலாவது சேவையை இரத்மலானையிலிருந்து இவ்வழியாகவே சென்னைக்கு நடத்தியது. 1950 இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. மயிலிட்டித் துறையோ நாட்டின் முன்னணி மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கியது. போருக்காக அமைத்தது பின்னர் பொதுமக்களுக்குப் பயன்படுவதில் இழுக்கொன்றும் இல்லை என்பதற்கு நமது ஊரே அன்று சான்றாக நின்றது.

இந்த வாழ்வு முழுவதையும் தாங்கியவை இரண்டு வீதிகள். ஒன்று, காங்கேசன்துறையிலிருந்து மயிலிட்டி, பலாலி, தொண்டைமானாறு வழியாகப் பருத்தித்துறைக்குச் செல்லும் கரையோர வீதி. மற்றொன்று, யாழ்ப்பாண நகரிலிருந்து திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், வசாவிளான் ஊடாக வடக்கே ஏறும் பலாலி வீதி. கடலிலிருந்து வந்த மீனும் செம்மண்ணில் விளைந்த வெங்காயமும் வாழைக்குலையும் புகையிலையும் இவ்வீதிகளிலேதான் சந்தைக்குச் சென்றன. கடற்றொழிலாளியும் கமக்காரனும் ஒரே வீதியின் இரு பயனாளிகள். வீதி அடைபட்டால் இருவர் வீட்டிலும் ஒரே நாளில் அடுப்பு அணையும்.

அவ்வாறே அணைந்தது. 1990 ஜூனில் போர் மூண்டபோது மயிலிட்டியும் அயலூர்களும் வெறுமையாயின. மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தனர். சில நாள்களில் திரும்பலாம் என்று எண்ணியவர்கள், சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் கோணாப்புலத்திலும் முகாம்களில் தலைமுறை கண்டனர். மயிலிட்டித் துறைமுகமும் அதனையொட்டிய 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலை 3 ஆம் நாள். இடையில் சென்றவை 27 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் அவ்வீதிகள் அங்கேதான் இருந்தன. வாகனங்களும் ஓடின. ஊரவன் மட்டும் அங்கில்லை.

படை வீதி குடிகளின் வீதியான கதை

படைத்தேவைக்கு வீதி அமைப்பதை நாம் எதிர்க்கவில்லை. இந்நாட்டின் பெருவீதிகளுட் சில படைத்தேவையிலிருந்தே பிறந்தவை. 1817–18 ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியர், மலைநாட்டை மறுபடியும் இழந்துவிடாதிருக்க வேண்டுமாயின் வீதி வேண்டும் என்று உணர்ந்தனர். ஆளுநர் எட்வேர்ட் பார்ன்சின் காலத்தில், 1820-களில், கொழும்பு–கண்டி வீதி அமைந்தது. பீரங்கியும் படையும் செல்வதற்காகவே அது போடப்பட்டது. ஆனால் அதே வீதியில் மாட்டுவண்டிகள் வந்தன. 1832 இல் தபால் வண்டி ஓடிற்று. பின்னர் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. படைக்கென்று வெட்டிய பாதை நாட்டின் வர்த்தக நரம்பாயிற்று. அவ்வீதியில் குடிகள் நடக்கலாகாது என்று ஆங்கிலேயன்கூடச் சொல்லவில்லை.

அவ்வீதிகளுக்கு உழைத்தவர் யாவர்? 1848 ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், வயதுவந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டில் மாத்தளைப் பகுதியில் எழுந்த கிளர்ச்சிக்கு இந்த வரியும் ஒரு காரணம். தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வடக்கு வீதியின் ஓரத்தில் எத்தனையோ உயிர்கள் வீழ்ந்தன. ஆகவே இந்நாட்டின் வீதி, எந்த அரசும் தன் கைப்பொருளிலிருந்து மக்களுக்கு ஈந்த கொடையன்று. மக்களின் முதுகுழைப்பிலும் வரியிலும் கடனிலும் அமைந்த பொதுச்சொத்து. திறக்கும்போது நன்றி கேட்பவர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

இமயம் கற்பிக்கும் பாடம்

எல்லை வீதி என்றால் என்னவென்று அறிய விரும்புவோர் இமயமலையை நோக்கட்டும். சீனா 1950-களில் அக்சாய் சின் மேட்டுநிலத்தின் ஊடாக வீதி அமைத்து, 1957 இல் அதனை முடித்தது. தான் உரிமை கோரும் நிலத்தின் வழியே வீதி சென்றதை இந்தியா காலந்தாழ்ந்தே அறிந்தது. 1962 இன் போருக்கு வித்திட்டவற்றுள் அவ்வீதியும் ஒன்று. 1960 மே மாதம் இந்தியா எல்லை வீதிகள் அமைப்பைத் தோற்றுவித்தது. பனிப்பாறையைப் பிளந்தும், மண்சரிவை அகற்றியும், ஆண்டுதோறும் மூடும் கணவாய்களைத் திறந்தும் அவ்வமைப்பு இன்றுவரை பணியாற்றி வருகின்றது. அந்த மலைகளில் வீதி அமைப்பதைவிட அதனைப் பேணுவதே பெரும்பாடு. ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் கவனியாது விட்டால் வீதி மலையோடு மலையாகிவிடும்.

அவ்வீதிகளில் யார் செல்கின்றனர்? 2020 ஒக்டோபரில் ரோதாங் கணவாயின் கீழ் 9.02 கிலோமீற்றர் நீளமான அடல் சுரங்கப்பாதை திறந்துவைக்கப்பட்டது. லடாக் எல்லைக்குப் படையும் தளபாடமும் தடையின்றிச் செல்வது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. ஆனால் பனிக்காலத்தில் மாதக்கணக்கில் உலகத் தொடர்பற்றுக் கிடந்த லாகூல் பள்ளத்தாக்கின் மக்கள் அதே சுரங்கத்தின் வழியே வைத்தியசாலைக்குச் செல்கின்றனர். அவர்களுடைய உருளைக்கிழங்கும் பட்டாணியும் அதே வழியே சந்தைக்கு இறங்குகின்றன. படை வண்டிக்குப் பின்னால் கமக்காரனின் லொறி செல்வதால் இந்தியாவின் பாதுகாப்பு குலைந்துவிட்டது என்று எவரும் சொல்லவில்லை.

அதனினும் முக்கியமானது மற்றொன்று. 2023 இல் இந்திய அரசு தன் வட எல்லைக் கிராமங்களுக்கென 4,800 கோடி ரூபாத் திட்டமொன்றை ஏற்றுக்கொண்டது. அதில் 2,500 கோடி வீதிகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. நோக்கம் யாதெனில், எல்லைக் கிராமத்தவர் ஊரைவிட்டு நகரங்களுக்குப் பெயர்வதைத் தடுப்பது. மறுபுறத்திலே சீனாவும் தன் எல்லையோரத்தில் புதிய கிராமங்களைக் கட்டிக் குடிகளை இருத்துகின்றது. ஒன்றையொன்று ஐயுறும் இரு பேரரசுகளும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றன: குடியற்ற எல்லை காவலற்ற எல்லை. ஆடு மேய்ப்பவனும் வயலில் நிற்பவளும் எல்லையின் முதற் காவலர் என்பதை அவை கண்டுகொண்டன.

அங்கே குடிகள் எல்லையை விட்டுப் போகாதிருக்க அரசு பணம் கொடுக்கின்றது. இங்கே எல்லைக்குத் திரும்ப விரும்பிய குடிகள் அரசின் வாயிலில் 27 ஆண்டுகள் காத்துநின்றனர். இவ்விரண்டில் எது நாட்டுப்பற்று, எது மதியீனம் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

வீதி அடைபட்டபோது நாம் கற்றது

வீதி என்றால் என்ன என்பதைக் குடாநாட்டு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கண்டி–யாழ்ப்பாண வீதி 2002 இல் திறந்தபோது இங்கே அரிசியின் விலையும் மண்ணெண்ணெயின் விலையும் இறங்கின. 2006 ஓகஸ்ட் 11 இல் முகமாலையில் மீண்டும் போர் வெடித்து அவ்வீதி மூடப்பட்டபோது, குடாநாடு ஒரு நாளிலே தீவாயிற்று. உண்ணும் சோறும் உடுக்கும் துணியும் கப்பலை நோக்கிக் காத்திருந்தன. இங்கு விளைந்த வெங்காயம் தெற்குச் சந்தையைக் காணாது தேங்கியது. போர் முடிந்தபின் வீதி திறந்தது; சீனக் கடனுடன் அது திருத்தியமைக்கவும் பட்டது. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறந்தமையால் பூநகரி வழியாகவும் தெற்கே செல்ல வகை பிறந்தது.

பெருவீதிகள் செப்பனிடப்பட்டதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நாட்டின் தலைநகரிலிருந்து குடாநாட்டின் நடு வரைக்கும் வழவழப்பான வீதி போட்டுவிட்டு, கடைசி சில கிலோமீற்றர் தூரத்தில் முட்கம்பியைப் போட்டால், அந்த வீதி எவருக்காக? குழாயில் நீர் எவ்வளவு வந்தாலும் வாயை அடைத்தால் தோட்டத்துக்கு நீர் பாயாது என்பதை நமது கமக்காரர் அறிவர்.

திறப்பும் நிபந்தனையும்

அண்மைக் காலத்தில் சில திறப்புகள் நிகழ்ந்தன. 2024 நவம்பரில் அச்சுவேலி நோக்கிச் செல்லும் வீதியின் மூடப்பட்டிருந்த பகுதி திறந்தது. 2025 ஏப்ரல் 10 இல் வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி, 34 ஆண்டுகளுக்கு மேலாக மூடிக்கிடந்தபின் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயின் திறந்த நாளிலே விதிக்கப்பட்ட நிபந்தனைகளைப் பாருங்கள். காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரையே பயணம். நடந்து செல்லலாகாது. இடையில் வாகனத்தை நிறுத்தலாகாது, திருப்பலாகாது. மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடலாகாது. புகைப்படம் எடுக்கலாகாது. பஸ் தவிர்ந்த கனரக வாகனம் செல்லலாகாது.

இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம். வேகக் கட்டுப்பாட்டில் நமக்குக் குறையில்லை; அது எந்த வீதிக்கும் பொருந்தும். விமானத்தளத்தின் அருகே படம் எடுக்கலாகாது என்பதும் பல நாடுகளில் உள்ள விதிதான். ஆனால் கடற்றொழிலாளிக்கு நாள் தொடங்குவது காலை 6 மணிக்கு அன்று. இரவிலே கடலுக்குச் சென்று விடியலிலே கரை சேரும் மீன், ஐஸ் உருகுமுன் சந்தைக்குப் போக வேண்டும். கனரக வாகனம் கூடாது என்றால் வெங்காயம் எதில் ஏறும்? பஸ்ஸின் பின்னிருக்கையிலா? நடக்கக் கூடாது என்றால் வீதியோரத்தில் தன் பாட்டன் தோண்டிய கிணற்றை ஒரு முதியவள் எவ்வாறு சென்று காண்பாள்? இடையில் நிறுத்தக் கூடாது என்பதன் பொருள், அவ்வீதியின் இருமருங்கும் ஊர் இல்லை என்பதே. ஊரின் ஊடாகச் செல்வதுதான் வீதி. ஊரைக் கண்ணாற் காணலாம், காலால் மிதிக்கலாகாது என்றால் அது கண்காட்சி.

இந்நிபந்தனைகள் ஒவ்வொன்றாகத் தளர்த்தப்படலாம். அதனையும் வரவேற்போம். ஆனால் இன்று ஓர் அதிகாரி தளர்த்துவதை நாளை மற்றோர் அதிகாரி இறுக்க முடியும் என்ற நிலையே நமது கவலை. நாம் கேட்பது தளர்வு அன்று, சட்டத்தின் ஆட்சி.

சட்டம் என்ன சொல்கின்றது?

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அதன் 14(1)(எச்) உறுப்புரையில், இலங்கைக்குள் தடையின்றி நடமாடவும் தான் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் உண்டு என்கின்றது. 15(7) ஆம் உறுப்புரை தேசிய பாதுகாப்பின் பொருட்டு அச்சுதந்திரத்துக்கு வரம்பிட அனுமதிக்கின்றது. ஆனால் அந்த வரம்பு சட்டத்தினால் விதிக்கப்பட வேண்டும். அங்கே கூறப்படுவது சட்டம், தளபதியின் விருப்பமன்று. அவசரகால நிலை 2011 ஓகஸ்டில் நீங்கியது. அதன்பின் ஒரு பொது வீதியில் மனிதன் நடக்கலாகாது என்றால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. பதில் சொல்ல அரசுக்குக் கடமையுண்டு.

இக்கேள்வி புதியதன்று. வலிகாமம் வடக்கின் உயர் பாதுகாப்பு வலயத்தை எதிர்த்து மாவை சேனாதிராசா அவர்கள் 2003 இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2013 ஏப்ரலில், 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் 2 ஆம் பிரிவின் கீழ், வலிகாமத்தில் 6,381 ஏக்கரைப் படைத்தேவைக்கு எடுக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணி உரிமையாளர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். உறுதியையும் தோம்பையும் கையிலேந்தி மன்றத்தின் படியேறிய அம்மக்கள், கல்லெறியவில்லை, வழக்கெறிந்தனர். அவர்கள் அவ்வாறு ஒன்றுபட்டு நின்றிராவிட்டால் இன்று விடுவிப்பதற்கு நிலமே எஞ்சியிராது.

அயல்நாட்டு வழக்கொன்றையும் இங்கே கூறுதல் தகும். இமயத்தின் சார்தாம் வீதிகளை அகலப்படுத்துவதால் மலைக்குக் கேடு விளையும் என்று சூழல் ஆர்வலர் வழக்காடியபோது, இந்திய உச்ச நீதிமன்றம் 2020 செப்டெம்பரில் வீதியின் அகலத்தை 5.5 மீற்றராக வரையறுத்தது. பாதுகாப்பு அமைச்சு மன்றத்துக்கு வந்து, எல்லைக்குத் தளபாடம் கொண்டுசெல்ல அகலமான வீதி தேவை என்று வாதிட்டது. 2021 டிசம்பர் 14 இல் மன்றம் அத்தேவையை ஏற்று அகலப்படுத்த இசைந்தது. கூடவே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் மேற்பார்வைக் குழுவையும் அமைத்தது. முடிவு சரியா தவறா என்பது வேறு விடயம். படைத்துறை தன் தேவையை வெளிப்படையாக எடுத்துரைத்து, எதிர்வாதத்தைக் கேட்டு, மேற்பார்வைக்கும் உட்பட்டது என்பதே நாம் சுட்ட விரும்புவது. நமது நாட்டிலும் அம்முறை வரட்டும். தேவை உண்மையானால் அதனை மன்றத்திலே சொல்ல அஞ்சுவானேன்?

பாதுகாப்பு என்னும் வாதம்

"விமானத்தளமும் துறைமுகமும் அருகில் உள்ளன, எனவே மக்களை விலக்காது வழியில்லை" என்பர் சிலர். இந்த வாதத்தைக் கட்டுநாயக்காவில் வைத்துச் சோதிப்போம். 2001 ஜூலை 24 இல் அங்கிருந்த விமானப்படைத் தளமும் சர்வதேச விமான நிலையமும் தாக்கப்பட்டன. நாட்டின் பொருளாதாரமே ஆட்டங்கண்டது. அதன் பின்னர் கட்டுநாயக்காவையும் நீர்கொழும்பையும் மக்களின்றி ஆக்கினார்களா? நீர்கொழும்பு வீதியில் நடக்கக் கூடாது என்று பலகை நட்டு 27 ஆண்டுகள் வைத்திருந்தார்களா? இல்லை. வேலியை உயர்த்தினர், காவலைப் பெருக்கினர். 2013 ஒக்டோபரில் கொழும்பிலிருந்து விமான நிலையத்துக்கு அதிவேக வீதியையும் திறந்தனர். இரத்மலானை விமானத்தளத்தின் அருகிலும் காலி வீதி இரவுபகலாக ஓடிக்கொண்டுதான் இருக்கின்றது. ஓடுபாதைக்கு வேலி வேண்டும் என்பதை ஏற்கின்றோம். ஓர் ஊர்த்தொகுதி முழுவதற்கும் வேலி என்பது பாதுகாப்பின் இலக்கணத்தில் இல்லை. ஆதிக்கத்தின் இலக்கணத்தில் இருக்கலாம்.

மேலும், பலாலி இப்போது படைத்தளம் மட்டுமன்று. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாக அது திறந்துவைக்கப்பட்டது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் கப்பற் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. மயிலிட்டித் துறைமுகத்தின் 3 ஆம் கட்ட அபிவிருத்தி வேலையைச் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2025 செப்டெம்பர் 1 இல் தொடக்கிவைத்தார். வான்வழியால் வருபவனுக்கும் கடல்வழியால் வருபவனுக்கும் வாயில் திறந்துவிட்டு, தரைவழியால் தன் வீட்டுக்குப் போகிறவனை மறிப்பது எவ்வகை நியாயம்? துறைமுகத்துக்குக் கோடிகளைக் கொட்டினாலும், அங்கிருந்து புறப்படும் மீன் எந்நேரமும் எவ்வழியும் செல்ல முடியாவிட்டால் அப்பணம் கடலிற் கரைத்த காயமே.

பேணுதலே பெருங்கடமை

வீதியைத் திறப்பது ஒரு நாள் விழா. அதனைப் பேணுவது ஆண்டு முழுவதற்குமான வேலை. வீதிக்கு முதற் பகை நீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீதியோர வாய்க்கால் அடைபட்டிருந்தால் நீர் தாரின் அடியிற் புகும், அடித்தளம் இளகும், விளிம்பு உடையும், அடுத்த ஆண்டில் குழியாகும். வலிகாமம் வடக்கில் பல பத்தாண்டுகள் மதகுகள் தூர்ந்தன. பழைய நீரோட்டங்களைக் குறுக்கறுத்து மண் அணைகள் எழுந்தன. அங்கே மேலே தாரை ஊற்றி ஒப்புரவாக்கினால் மட்டும் போதாது. வெள்ளம் எவ்வழியே கடலுக்குச் சென்றது என்பதை ஊரிலுள்ள முதியவரைக் கேட்டறிந்து, அதன்படி வாய்க்காலும் மதகும் அமைத்தல் வேண்டும்.

இப்பொறுப்பு யாருடையது? பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் உள்ளன. 13 ஆம் திருத்தத்தின்படி ஏனைய வீதிகளும் பாலங்களும் மாகாண சபைக்குரியவை. வட மாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலே நடத்தப்படவில்லை. ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபைக்குரியவை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகிய மூன்றையும் அச்சபைகளின் கையிலேதான் வைக்கின்றது. 2025 மே மாதத் தேர்தலின் பின் மக்களால் தெரிவான பிரதேச சபை மீண்டும் வந்துள்ளது. ஆனால் குடியேறாத நிலத்தில் ஆதனவரி ஏது? வரியற்ற சபை வீதியை எதைக்கொண்டு திருத்தும்? குடிகளை விலக்கியதனால் உண்டான வறுமையை, அவ்விலக்கத்துக்குப் பொறுப்பான நடுவண் அரசே ஈடுசெய்தல் நீதியாகும்.

பெருவீதிகளைப் பற்றிப் பேசும் ஆவேசத்தில் ஒழுங்கைகளை நாம் மறந்துவிடலாகாது. யாழ்ப்பாணத்து உறுதிகளில் நிலத்தோடு சேர்த்து வழி, வாய்க்கால், கிணற்றுப் பங்கு என்பனவும் எழுதப்படுவது வழக்கம். நிலம் இருந்தும் வழியில்லையேல் அந்நிலம் பாதி நிலமே. மண் அணையும் பற்றைக்காடும் மூடிய பின்னர், எந்த ஒழுங்கை எங்கே சென்றது என்பதை அறிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். அவர்கள் மறையுமுன் ஒழுங்கைகளை அளந்து பதிவு செய்யாவிட்டால், திரும்பி வரும் பேரப்பிள்ளைகள் ஒருவரோடொருவர் வேலிக்காக வழக்காடி அழிவர்.

நாம் வேண்டுவதும் நாம் செய்ய வேண்டியதும்

அரசிடம் நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, வலிகாமம் வடக்கின் பொது வீதிகள் யாவும் இரவும் பகலும், நடப்பவனுக்கும் லொறிக்கும் ஒருங்கே திறந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, ஏதேனும் வரம்பு தவிர்க்க முடியாததாயின் அதனைக் காரணத்தோடும் கால எல்லையோடும் வர்த்தமானியில் வெளியிட்டு, நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்படுத்துதல் வேண்டும். மூன்றாவது, வீதிகளின் பராமரிப்பை உரிய குடிசார் அதிகாரிகளிடமே ஒப்படைத்து, அதற்கான நிதியை ஆண்டுதோறும் ஒதுக்குதல் வேண்டும். நான்காவது, நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களைக் கொண்டு ஊர் ஒழுங்கைகளை மீட்டெடுத்தல் வேண்டும்.

அரசை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் கைகட்டி நிற்கலாகாது. மயிலிட்டியிலும் அயலூர்களிலும் திரும்பிக் குடியேறுவோர் வீதியின் எல்லையைத் தாண்டி வேலி அடைக்காதிருக்க வேண்டும். 20 அடி ஒழுங்கை அயலவர் இருவரின் பேராசையால் 10 அடியாகச் சுருங்குவதைத் தென்பகுதி அரசு செய்யவில்லை, நாமேதான் செய்கின்றோம். நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டு வெளிநாட்டிலும் கொழும்பிலும் வாழ்வோர் அதனைப் பயிரிடுவோரிடமாவது ஒப்படைக்க வேண்டும். பொறியியலாளர், நில அளவையாளர், சட்டத்தரணிகள் ஆகியோர் மாதத்தில் ஒரு நாளையேனும் இவ்வூர்களுக்குக் கொடுத்து, உறுதிகளையும் வரைபடங்களையும் ஒப்புநோக்கி மக்களுக்கு வழிகாட்ட வேண்டும். ஆளில்லாத வீதியை மூடுவது எளிது. பள்ளிப் பிள்ளையும் மீன் வியாபாரியும் கமக்காரனும் நாளாந்தம் நடக்கும் வீதியை மூட எந்த அரசும் இருமுறை எண்ணும்.

எல்லையிலே வீதி அமைக்கட்டும், அகலமாகவே அமைக்கட்டும். அதில் படை வண்டியும் செல்லட்டும். ஆனால் மயிலிட்டியின் மீனும் வசாவிளானின் வெங்காயமும் அதே வீதியில், அதே உரிமையோடு, எந்நேரத்திலும் செல்லும் நாளிலேதான் இந்நாட்டின் வட எல்லை உண்மையாகக் காக்கப்பட்டதாகும். அந்நாள் வரும்வரை நமது கோரிக்கை ஓயாது.